கிண்டி முதல் செங்கல்பட்டு வரை: ஊசியும் இழப்பீடும்

இந்தியத் தடுப்பூசி வரலாற்றின் ஒரு பகுதி தென்சென்னைப் புறநகர் ரயில் பாதையை ஒட்டியே நடந்திருக்கிறது. 1899-இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் இன்ஸ்டிட்யூட் சென்னை மாகாணத்துக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்தது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் தொடங்கினார். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.-க்கு 1948-இல் கிண்டியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வந்தது.

அந்த ஊசியை எதிர்த்து 1955-இல் ராஜாஜி நூலே எழுதினார். வாதம் சூடாக நடந்தது. ஆனால் ஊசியால் கெடுதல் நேர்ந்தவருக்கு இழப்பீடு தரும் சட்டம் எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் கை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று உலகம் அறிந்துகொண்டது அவர்களால்தான்.

கை நீட்டியவருக்கே தீங்கு வந்தால்?

தோள் தசையில் போடும் தடுப்பூசி சற்று உயரமாக இறங்கினால், மூட்டை ஒட்டிய சவ்வுப் பைக்குள் மருந்து புகுந்து அழற்சி உண்டாகலாம். ஓரிரு நாளில் வலி தொடங்கும். தலை வாரக்கூடக் கை எழாது. அரிதாக வருவது, சரியான இடத்தில் குத்தினால் தவிர்க்கக்கூடியது. அமெரிக்கா இந்தத் தோள் காயத்தை 2017-இல் தன் இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 48 மணி நேரத்துக்குள் வலி கண்டு, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தடுப்பூசி வரியிலிருந்து பணம் கிடைக்கும்.

இங்கே 2020-இல் போரூரில் கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில் பங்கேற்ற ஒருவர், நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஊசியைத் தயாரித்த சீரம் நிறுவனம் மறுத்தது. 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கோருவோம் என்றது. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. பரிசோதனையில் சேர்ந்தவருக்காவது 2019-இன் மருந்துப் பரிசோதனை விதிகள் துணை நிற்கின்றன. சாதாரணமாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்று 2022-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நோயிலிருந்து ஊரைக் காக்க ஊசி போட்டுக்கொண்டவரிடம் சொல்லக்கூடிய பதிலா இது?

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 1995-இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் தாம்பரத்தில் தனியாரிடம் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவர் இரண்டு ஆண்டுக்குள் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவரோ கட்டணம் கட்டி உரிமையியல் வழக்குப் போட்டு, ஊசி எங்கே இறங்கியது என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும்.