சாத்தூர், 2018: பெயரை மறைத்தால் போதுமா?

எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலின்றி ஒருவரின் தொற்று நிலையை வெளியிடக் கூடாது என்கிறது அதன் 8ஆம் பிரிவு.

மூன்றே மாதத்தில், நம் விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தது. தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், ரத்தம் கொடுத்த இளைஞரே முன்வந்து சொன்னார். தற்கொலைக்கு முயன்ற அவர் டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார். உண்மையைச் சொன்னவரைக் காக்க சட்டப் புத்தகம் மட்டும் போதவில்லை.

பெயரை மறைத்தாலும், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வார்டில் ஒருவர் “காலனி ஆள்” என்றால் சாதியும் தெருவும் தெரிந்துவிடும், ஆளும் தெரிந்துவிடும். தோழர்களே, மருத்துவமனை ஊழியர் பயிற்சியில் சட்டத்தோடு சாதியையும் பேசச் சொல்லிக் கேட்போம்.