தனுசிலிருந்து கிளம்பிய எக்ஸ் கதிர்

2019 செப்டம்பர் முதல் வாரத்தில் நாமக்கல்காரர்கள் நிலாவைச் சொந்தம் கொண்டாடியிருந்தால் அதில் நியாயம் உண்டு. சந்திரயான்-2இன் ரோவர் ஓடிப் பழகியதே சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை இடித்துச் செய்த தூளின் மேல்தான். அதன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலாவில் இறங்கவிருந்த இரவுக்காக நாடே காத்திருந்த அந்த 5, 6 தேதிகளில், இஸ்ரோவின் இன்னொரு கலமான அஸ்ட்ரோசாட் தனுசு விண்மீன் கூட்டத்தில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரத்து முதல் பக்கங்களில் அதற்கு இடமில்லை. என்னைக் கேட்டால் இருந்திருக்க வேண்டும்.

பார்த்தது வி3890 சாஜிட்டேரி என்ற நோவாவை. ஒரு செம்பெரு விண்மீனும் ஒரு வெண்குள்ளனும் சேர்ந்த இணை அது. பெரியதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் சிறியதன் மேல் படிகிறது. சேர்ந்து சேர்ந்து ஒருநாள் வெடிக்கிறது. 1962, 1990, பிறகு 2019 ஆகஸ்ட் 27. இவை நாம் கண்ட தேதிகள். கதிர் பல ஆயிரம் ஆண்டுகள் வழியில் இருந்துவிட்டு வந்தது.

ஒரே வெடிப்பில் இரண்டு வகை எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. வீசியெறியப்பட்ட வாயு, செம்பெரு விண்மீன் முன்பே ஊதிப் பரப்பிய வாயுவில் மோதிச் சூடேறுவதால் வருவது கடினக் கதிர். மற்றது மென்கதிர், வெண்குள்ளன் மேல் மிஞ்சிய ஹைட்ரஜன் தொடர்ந்து எரிவதால் வருவது. இதற்கு உடனே வழி கிடைக்காது. வெடிப்பில் எறியப்பட்ட வாயுவே மூடிக்கொண்டிருக்கும். அது விரிந்து மெலியும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

வழியில் விண்வெளி வாயு விழுங்கியது போக மிச்சம் வந்தாலும், காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடாது. ஏற்காட்டு உச்சியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுத்தினாலும் ஒரு கதிர்கூட விழாது. அஸ்ட்ரோசாட் சுற்றுவது 650 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில். சேலத்துக்காரர்களுக்கு அது தென்வானில்தான் கடக்கும், தலைக்கு மேல் வராது. அதிலுள்ள மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. நேரே பட்டால் கதிர் ஆடிக்குள் புகுந்துவிடும். ஏரியில் சாய்த்து வீசிய ஓட்டாஞ்சில்லு போல உரசிப் போனால்தான் தெறிக்கும். அதற்காகத் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகளைக் கூம்புகளாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். அங்கே தெறித்து, இரண்டு மீட்டர் தள்ளி, குளிரூட்டிய சிசிடி உணரியில் விழுந்ததும் கதிரின் ஆயுள் முடிகிறது. பிறகு அது மின்னூட்டம், எண், தரவுக் கோப்பு.

கே. பி. சிங், வி. கிரீஷ், ஜி. சி. அனுபமா முதலியோர் அந்தத் தரவை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கடினக் கதிர் மட்டுமே இருந்தது. வெடித்து எட்டரை நாள் கடந்ததும் முதல் மென்கதிர் எட்டிப்பார்த்தது. சில மணி நேரத்துக்குள் கூடியது, குறைந்தது. 15.9ஆம் நாள் மறுபடி பார்க்கத் தொடங்கியபோது இன்னும் பிரகாசம். ஆனால் 16.8க்கும் 17.8க்கும் இடைப்பட்ட ஒரு நாள் மென்கதிர் நன்றாக மங்கி, பிறகு மீண்டது. கடினக் கதிரோ அசையவில்லை. ஆகவே தடுமாற்றம் கருவியிலும் இல்லை, வெளியே நடந்த மோதலிலும் இல்லை. வெண்குள்ளனிலோ அதை ஒட்டிய வாயுவிலோதான் தேட வேண்டும்.

வெண்குள்ளனின் வளிமண்டலத்துக்கான மாதிரிக் கணக்கு மென்கதிருக்கு நன்றாகவே பொருந்தியது. அதில் கிடைத்த எண்களை மட்டும் எச்சரிக்கையோடு சொல்கிறார்கள். கணக்குக்கு வேண்டிய அணுத் தரவுகள் இன்னும் முழுமையாக இல்லை.