அபராதத்தில் பிறந்த இலக்கணம்

நாடகம் பார்த்த ஊரே அழுதது. எழுதியவருக்குக் கிடைத்ததோ ஆயிரம் திராக்மா அபராதம்.

கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகரிடம் விழுந்தது. ஏதென்ஸுக்கு அது உறவுக்கார ஊர். அந்தத் துயரத்தை ஈரம் காயும் முன்பே மேடையேற்றினார் நாடகக் கவிஞர் பிரினிக்கஸ். அரங்கம் கதறியது. சொந்தத் துக்கத்தைக் கிளறிவிட்டார் என்று அவருக்குத் தண்டம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்று தடையும் போட்டார்கள் என வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். நல்ல துன்பியல் நாடகம் எது என்ற கேள்விக்குக் கிரேக்கர்கள் சொன்ன முதல் பதிலாக நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். அழவைத்தால் மட்டும் போதாது; அழுகிறவனுக்கும் கதைக்கும் நடுவே கொஞ்சம் இடம் வேண்டும்.

அந்த இடத்தை விட்டுக் காட்டியவர் எஸ்கிலஸ். சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, கி.மு. 472இல், 'பாரசீகர்கள்' நாடகத்தைப் போட்டார். வென்றது ஏதென்ஸ், ஆனால் கதை நடப்பது எதிரியின் ஊரில். அழுவது தோற்ற அரசனின் தாய். செலவை ஏற்றவர் அப்போது இளைஞராக இருந்த, பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளீஸ். முதல் பரிசு கிடைத்தது.

பரிசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டயோனிசஸ் திருவிழாவில் மூன்று கவிஞர்கள் மோதுவார்கள். நடுவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். சோபோக்ளிஸின் 'ஈடிப்பஸ்' இரண்டாவதாகத்தான் வந்தது. அதை முந்தியவர் பிலோக்ளீஸ். அவர் எழுதியதில் ஒரு நாடகம்கூட இன்று முழுதாக இல்லை. நடுவர்களைக் குறை சொல்ல நமக்கும் வழியில்லாமல் போயிற்று!

கி.மு. 405இல் இந்த விவாதம் நகைச்சுவை மேடைக்கே வந்தது. துன்பியல் கவிஞர்களான யூரிப்பிடீஸும் சோபோக்ளிஸும் அடுத்தடுத்து இறந்திருந்த சமயம். அரிஸ்டோபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில், நல்ல கவிஞன் ஒருவனைத் திரும்பக் கூட்டிவர டயோனிசஸ் கடவுளே பாதாளத்துக்கு இறங்குகிறார். அங்கே எஸ்கிலஸுக்கும் யூரிப்பிடீஸுக்கும் வாய்ச்சண்டை. கடைசியில் தராசைக் கொண்டுவந்து இருவரின் வரிகளையும் எடைபோடுகிறார்கள். கூத்துதான். ஆனால் கவிஞன் எதற்காக மதிக்கப்பட வேண்டும், ஊரை நல்லவர்களாக்க அவனால் முடியுமா என்று அதில் எழும் கேள்வி விளையாட்டில்லை.

பிளேட்டோவின் பதில் கறாரானது: உணர்ச்சியைத் தூண்டிவிடும் கவிதைக்கு லட்சிய நகரில் இடமில்லை. கூடவே ஒரு கதவையும் திறந்துவைத்தார். கவிதையால் பயனுண்டு என்று உரைநடையில் யாராவது வாதாடினால் கேட்டுக்கொள்கிறோம் என்றார். அவருடைய கழகத்தில் இருபது வருடம் இருந்த மாணவர் அரிஸ்டாட்டில் பிறகு எழுதிய 'கவிதையியல்', அந்த அழைப்புக்குக் கொடுத்த பதில் போலவே இருக்கிறது. வகுப்புக் குறிப்பு போன்ற வறண்ட நடை. அவர் எழுதியபோது எஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடீஸ் ஆகிய மூன்று பெரியவர்களும் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

அவருக்குக் கதைப்பின்னல்தான் நாடகத்தின் உயிர். பாத்திரம் அதற்கு அடுத்தது. காட்சி ஜோடனை எல்லாவற்றுக்கும் கீழே. இரக்கமும் அச்சமும் கதையைக் காதால் கேட்டாலே எழ வேண்டும் என்கிறார்.

இதற்கு அவர் திரும்பத் திரும்பக் கைகாட்டுவது அந்த இரண்டாம் பரிசு நாடகத்தைத்தான். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற அருள்வாக்குக்குப் பயந்து கொரிந்தை விட்டு ஓடிவந்தவன் ஈடிப்பஸ். அங்கிருந்து ஒரு கிழவன் வருகிறான்: உன் அப்பா இறந்துவிட்டார். பாதி பயம் தீர்கிறது. அம்மா இருக்கிறாளே என்ற மீதிப் பயம் போகவில்லை. நல்ல மனதோடு கிழவன் அதையும் தீர்க்கப் பார்க்கிறான்: அவள் உன்னைப் பெற்றவளே இல்லை, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். பக்கத்தில் நிற்கும், அவன் மனைவியும் உண்மையில் அவனைப் பெற்றவளுமான யோகாஸ்தாவுக்கு அவனுக்கு முன்பே புரிந்துவிடுகிறது. ஆறுதல் சொல்ல வந்த வார்த்தையே கதையைத் தலைகீழாகப் புரட்டுகிறது. உண்மை தெரிவதற்கும் அதுவே வழிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து நிகழ்வதுதான் மிகச் சிறப்பு என்று அரிஸ்டாட்டில் சொன்னதை இந்தக் கட்டத்தைப் படித்தவர் மறுப்பது கடினம்.

நாயகன் அப்பழுக்கற்ற உத்தமனாக இருந்து வீழ்ந்தால் நமக்கு வெறுப்புதான் வரும். அயோக்கியன் வீழ்ந்தால் இரக்கம் வராது. நடுவில் நிற்கும் ஒருவன், ஏதோ ஒரு பிசகால் விழ வேண்டும் என்கிறார். யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடக முடிவில் ரதம் வந்து நாயகி மெடியாவைத் தூக்கிப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை. முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டுமாம்.

ஒரே நாள், ஒரே இடம், ஒரே கதை என்ற மூன்று விதிகளையும் அவர் தலையில் கட்டுவது பிற்கால வேலை. கதை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. நாள் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி. இடம் பற்றி எதுவும் இல்லை. 1570இல் இத்தாலியரான காஸ்டெல்வெத்ரோ மூன்றையும் சட்டமாக்கினார்.

அரிஸ்டாட்டிலே அவ்வளவு கறாரானவர் இல்லை. பதின்மூன்றாம் அத்தியாயத்தில், நல்ல நாடகம் துன்பத்தில் முடிய வேண்டும் என்கிறார். அடுத்த அத்தியாயத்திலேயே, சொந்தத் தம்பியைப் பலியிடப் போன இபிஜீனியா கடைசி நொடியில் அவனை அடையாளம் கண்டு நிறுத்தும் வகைதான் ஆகச்சிறந்தது என்கிறார். இந்த இரண்டையும் இணக்கிவைக்க உரையாசிரியர்கள் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.