கவட்டைக் குச்சியும் ஊற்றுக்கண்ணும்

2003ஆம் ஆண்டுக் கோடையில், திண்டிவனத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் என் தந்தையார் ஆழ்குழாய்க் கிணறு அமைக்க முற்பட்டார். மழை பொய்த்திருந்த காலம் அது. நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வேப்பங்கவட்டைக் குச்சியை இரு கைகளிலும் பிடித்தபடி அவர் வெறுங்காலுடன் கொல்லையைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் குச்சி திமிறிக்கொண்டு கீழே வளைந்தது. அங்கே துளையிட்டபோது முந்நூறு அடிவரை கல்தூள்தான் புகையாகப் பறந்தது. சற்றுத் தள்ளி அவர் காட்டிய இரண்டாம் இடத்தில் நீர் வந்தது. முதல் துளைக்காக அடகுக் கடைக்குப் போன அம்மாவின் வளையல்கள் மீளவே இல்லை. ஆயினும் ஊரார் இன்றளவும் பேசுவது இரண்டாம் துளையைப் பற்றித்தான்.

அந்தப் பெரியவர் பொய்யர் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஆனால், 'இது நம் முன்னோரின் அறிவியல்' என்று அன்று சொல்லப்பட்டது என் மனத்தில் தங்கிவிட்டது. அக்கூற்றின் வரலாற்றைச் சற்று ஆராயலாம்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே 'தகார்களம்' என்னும் பகுதி உண்டு. எம்மரத்தின் எத்திசையில் கறையான் புற்று இருந்தால் எவ்வளவு ஆழத்தில் நீர் கிட்டும், தோண்டும்போது எந்நிற மண் வரும், இடையில் தவளை தென்படுமா என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. ஆழத்தை அளக்கக் கை உயர்த்தி நிற்கும் ஆளின் உயரமாகிய 'புருஷம்' பயன்படுகிறது. தமிழிலும் கிணற்றுக்குக் கூவல், கேணி, துரவு எனப் பல சொற்கள் உள்ளன. கிணறு தோண்டும் கலையைக் கூறும் நூலுக்குக் கூவநூல் என்ற பெயரே வழங்கியது. வராகமிகிரர் சொன்னவை எல்லாம் சரியென்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் மரம், புற்று, மண் ஆகிய அவருடைய அடையாளங்களைத் தோண்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். அவருடைய நூலில் கவட்டைக் குச்சி இல்லை.

குச்சியைக் காண நாம் ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டும். 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல், ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் கவட்டைக் குச்சி கொண்டு உலோகத் தாது தேடியதை விவரிக்கிறது. தேர்ந்த சுரங்கத் தொழிலாளிக்கு அக்குச்சி தேவையில்லை என்பதே அவருடைய கருத்து. பிற்காலத்தில் அதற்கு அரசு மதிப்பும் கிட்டியது. 1920களில் பம்பாய் மாகாண அரசு மேஜர் போக்சன் என்பவரை நீரோட்டம் பார்ப்பதற்கென்றே பணியில் அமர்த்தியது.

அப்படியானால் குச்சி ஏன் வளைகிறது? கையில் தொங்கும் ஊசல், பிடித்திருப்பவர் அறியாமலே அவருடைய எண்ணத்திற்கேற்ப ஆடுகிறது என்பதை 1833இல் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். 1852இல் கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் இத்தகைய தன்னுணர்வற்ற தசை அசைவுக்குப் பெயர் சூட்டினார். விறைப்பாக வளைத்துப் பிடித்த குச்சி, மணிக்கட்டு மயிரிழை அசைந்தாலும் திமிறும். பெரியவர் குச்சியை வேண்டுமென்றே வளைக்கவில்லை. அவருடைய கை அவரை அறியாமல் வளைத்தது.

சோதனைகளும் நடந்திருக்கின்றன. 1987-88இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்திலிருந்து அதைக் கண்டறியச் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்நூறு பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர் 843 முறை முயன்றனர். சிலருக்கு இத்திறன் உண்டு என்றனர் ஆய்வை நடத்தியோர். அதே முடிவுகளை 1999இல் மறுஆய்வு செய்த என்ரைட், அவை குருட்டு ஊகத்தை விஞ்சவில்லை என்று காட்டினார். 1990இல் காசெல் நகரில் 30 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவும் இதுவே.

ஆதரவாளர் காட்டும் வலுவான சான்று இலங்கையிலிருந்து வருகிறது. அங்கே குச்சி கொண்டு இடம் குறித்து அமைத்த 691 கிணறுகளில் நூற்றுக்கு 96 வெற்றி என 1995இல் மியூனிக் இயற்பியலாளர் பெட்ஸ் எழுதினார். மறுப்பாளர் கேட்பது ஒன்றே: அதே நிலத்தில் குச்சியில்லாமல் இடம் குறித்துத் துளையிட்டிருந்தால் எத்தனை பலித்திருக்கும்? அனுபவசாலியின் கண் நிலத்தைப் படிக்கும்போது, பலனில் குச்சியின் பங்கு எவ்வளவு?

இக்கேள்விக்கான விடை எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. 'நீரோட்டம்' என்ற சொல், பூமிக்கடியில் ஆறு ஓடுவதாக ஒரு மயக்கம் தருகிறது. கல்மரங்களுக்குப் பேர்போன திருவக்கரை இருக்கும் வானூர்ப் பகுதியில், மணற்கல் அடுக்குகளின் துளைகளில் பஞ்சில் ஊறியதுபோல் நீர் நிற்கிறது. அங்கே பெரும்பாலும் எங்கு துளையிட்டாலும் நீர் உண்டு. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கடும்பாறையிலோ மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். வெடிப்பு தப்பினால் புகைதான். ஒரே மனிதர் ஒரே குச்சியுடன் வானூரில் புகழும் செஞ்சியில் பழியும் பெறக்கூடும். பாறைப் பகுதியில் பூமிக்குள் மின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்கும் முறையும் சிலபோது பிழைக்கும். ஆனால் தவறியதையும் பதிவு செய்துகொள்வதால் அது திருந்துகிறது.

இதில் வெறும் வாதம் மட்டும் இல்லை. ஒவ்வொரு பொய்த்த துளையும் ஒரு வீட்டின் நகை, ஒரு பிள்ளையின் படிப்பு. அதைவிடவும் பெரிது, 'எங்கே இருக்கிறது' என்று தேடிக்கொண்டே 'எவ்வளவு மிச்சம்' என்று கேட்க மறப்பது. ஏரி தூர்ந்தால் எந்தக் குச்சியும் எந்தக் கருவியும் இல்லாத நீரைக் காட்டப்போவதில்லை.

எங்கள் கொல்லையில் முதல் துளை கருங்கல் பலகையால் மூடப்பட்டு இன்னும் இருக்கிறது. குச்சி பலித்ததா என்று யாரேனும் கேட்டால், நான் முதலில் அந்தப் பலகையைத்தான் காட்டுவேன். கணக்கில் அதையும் சேர்க்கவேண்டும் அல்லவா?