கிளாஸியா, மேட்டா?

மாயவரம் பட்டமங்கலத் தெருவில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னால் பெஞ்சும் கண்ணாடி பீரோவும், நடுவில் திரை தொங்கும் கூடம், அதற்குப் பின்னால் டார்க் ரூம். அதையும் தாண்டி, கிணற்றடியை ஒட்டிய தாழ்வாரத்தில் என் வேலை இருந்தது. 1982, 83 வாக்கில் எனக்குப் பத்து வயது. ஹைப்போவிலிருந்து எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசிய பிரிண்டுகளை அப்பா பேசினோடு கொண்டுவந்து வைப்பார். நான் குரோமியம் பூசிய தகட்டைத் துடைத்து, பிரிண்டை அதன்மேல் குப்புறப் போட்டு, ரப்பர் ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியே தள்ளுவேன். ஒரு சொட்டு உள்ளே சிக்கினாலும் காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். அது யாருடைய கன்னத்திலாவது விழுந்தால் மறுபடி நனைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிரிண்ட் சடசடவென்று தானே தகட்டை விட்டு எழும்பும். திருப்பிப் பார்த்தால் தகட்டின் வழவழப்பு அப்படியே படத்துக்கு வந்திருக்கும். இதற்கு கிளேஸிங் என்று பெயர். கிளாஸி பிரிண்டின் பளபளப்பு அந்தக் காலத்தில் இப்படிக் கையால் உண்டாக்கப்பட்டது.

மேட்டுக்கு இந்தப் பாடு இல்லை. அதற்கென்று வரும் பேப்பரில் பிரிண்ட் போட்டு, கொடியில் கிளிப் மாட்டிக் காயவிட்டால் போதும். பேப்பர் பெரும்பாலும் ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' மார்க். 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் தயாரிப்பு அது. அந்த அட்டைப் பெட்டிகளைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் பெட்டியாகக் கொண்டு போனோம்.

இப்போது நான் சொல்ல வந்தது அப்பா கேட்கும் கேள்வியைப் பற்றி. படம் எடுக்க வந்தவர்களிடம் அவர் முதலில் "கிளாஸியா, மேட்டா?" என்று கேட்க மாட்டார். "படத்த எங்க மாட்டப் போறீங்க?" என்பார். வாசலைப் பார்த்த சுவரா, உள்ளறையா, சாமி படத்துக்குப் பக்கத்திலா, விளக்கு எந்தப் பக்கம் எரியும் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். வாசலுக்கு எதிர்ச்சுவர் என்றால் மேட். கிளாஸியை அங்கே மாட்டினால் பகல் முழுக்கத் தாத்தாவின் முகத்தில் தெரு தெரியும். ஆல்பத்தில் ஒட்டிக் கையில் வைத்துப் பார்க்கிற படமென்றால் கிளாஸி. கையில் இருப்பதைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம், சுவரைச் சாய்க்க முடியாது. பத்திரிகைக்கு அச்சு பிளாக் எடுக்க அனுப்பும் படமும் கிளாஸிதான். பிளாக் செய்கிறவர்களுக்குக் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும். பென்சிலால் டச்சப் செய்யவோ வண்ணம் தீட்டவோ வேண்டுமானால் மேட். வழுக்குகிற பரப்பில் பென்சில் பிடிக்காது. இத்தனையும் விசாரித்த பிறகுதான் "அப்ப மேட்ல போட்டுடறேன்" என்பார். கடைசியில் முடிவு செய்கிறவர் வாடிக்கையாளர்தான். வேண்டாம், பளபளவென்றே வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் முகம் கோணாமல் போட்டுக் கொடுப்பார்.

வழவழப்பான பரப்பில் விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பிப் போகிறது. அந்தத் திசையில் உங்கள் கண் இல்லாதவரை படத்தின் கறுப்புக்குக் கெடுதல் இல்லை, ஆழமாகத் தெரியும். கண் அங்கே இருந்தால் படம் போய்விடும், கண்ணாடி மட்டும் மிஞ்சும். சொரசொரப்பான பரப்போ விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. எங்கே நின்று பார்த்தாலும் கொஞ்சம் கண்ணுக்கு வந்து சேரும். அதனால் எதிர்ச்சுவரின் உருவம் தெரியாது, ஆனால் கறுப்பின் மேல் மெல்லிய சாம்பல் படியும். கறுப்புப் பட்டுப் புடவையின் மடிப்பு மேட்டில் சற்று அமிழ்ந்துதான் தெரியும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம் இது. பேப்பரில் மட்டுமில்லை, பிறகு வந்த திரையிலும் இதே கணக்குத்தான்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் வந்த பிறகு கிளேஸிங் போயிற்று. பளபளப்பு பேப்பரோடு கூடவே வந்துவிட்டது. எங்கள் ஊருக்குக் கலர் லேப் வந்ததும் தகடு பரணுக்குப் போனது. கேள்வி மட்டும் கவுன்ட்டரில் தொடர்ந்தது. மேட்டா, கிளாஸியா, சில்க்கா என்று ரசீதில் டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்கும்.

நான் சென்னைக்கு வந்து கல்யாண ஆல்பம் வடிவமைக்கத் தொடங்கியபோது மேசையில் இருந்தது பெரிய குழாய் மானிட்டர். கண்ணாடிக் குழாய், பின்னால் இருக்கும் ஜன்னல் அதில் அப்படியே வந்து உட்காரும். நைலான் வலை கட்டிய ஒரு சட்டத்தை முன்னால் மாட்டி வைத்திருந்தோம். கண்கூச்சம் குறைந்தது, எழுத்தும் கொஞ்சம் மங்கியது.

லேப்டாப்புக்கு அந்தத் தொல்லை தொடக்கத்தில் இல்லை. 1985இல் வந்த தோஷிபா டி1100இன் திரைக்குப் பின்விளக்கே கிடையாது. அறை வெளிச்சத்தை வாங்கித்தான் எழுத்தைக் காட்டியது. அப்புறம் பின்விளக்கு வந்தது, வண்ணம் வந்தது. 1992இல் ஐபிஎம்மின் திங்க்பேட் 700சி 10.4 அங்குல வண்ணத் திரையோடு வந்தது. 2000 வரைக்கும் லேப்டாப் திரை என்றால் பொதுவாக மேட்தான். எல்சிடி திரையின் மேல்முகத்தில் போலரைசர் என்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அதன் மேற்பரப்பில் நுண்ணிய துகள் கலந்த பிசினைப் பூசிச் சொரசொரப்பாக்கிவிட்டால் மேட். அந்தப் பூச்சை வழவழப்பாக விட்டால் கிளாஸி. உள்ளே இருக்கிற திரை இரண்டுக்கும் ஒன்றேதான். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தாழ்வாரத்துத் தகடு ஞாபகத்துக்கு வந்தது.

2003, 2004 வாக்கில் பளபளப்பு லேப்டாப்புக்குள் நுழைந்தது. முன்னால் நின்றவை ஜப்பானியக் கம்பெனிகள். டிவிடி போட்டு லேப்டாப்பில் சினிமா பார்க்கத் தொடங்கிய காலம் அது. கறுப்பு ஆழமாக, வண்ணம் செழிப்பாகத் தெரிய வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கொரு பெயர் வைத்தது. சோனி எக்ஸ்பிரைட் என்றது, ஹெச்பி பிரைட்வியூ, தோஷிபா ட்ரூபிரைட், டெல் ட்ரூலைஃப், ஏசர் கிரிஸ்டல்பிரைட், ஃபுஜிட்சு கிரிஸ்டல்வியூ. கடையில் மேட்டும் கிளாஸியும் அடுத்தடுத்து எரிந்துகொண்டிருந்தால் கை கிளாஸியைத் தேடித்தான் போகும். நானும் அப்படித்தான் போனேன்.

2007இல் நான் வாங்கிய லேப்டாப் கிளாஸி. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. எப்படிப்பட்ட திரை வேண்டும் என்று கடையில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தொழிலுக்கே பிறந்தவள் நான், எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பகலில் அதில் வேலை செய்ய முடியாது. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டிக்கு மேல் என் முகமும், என் முகத்துக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகளும் தெரியும். அதனால் இரவில் விளக்கணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போது திரை அற்புதமாக இருந்தது. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணலாம். அப்படி ஒரு 48 பக்க ஆல்பத்தை முடித்து மேட் பேப்பரில் அச்சுக்குக் கொடுத்தேன். வந்தபோது கோட்டில் மடிப்பு இல்லை, கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. இருட்டறையில் கிளாஸித் திரை காட்டிய ஆழத்தை மேட் பேப்பரால் காட்ட முடியாது. இதை எனக்கு அப்பா பத்து வயதிலேயே கற்றுக் கொடுத்திருந்தார். ஆல்பத்தை என் செலவில் மறுபடி அச்சடித்தேன். அடுத்த வாரமே பழைய மேட் திரை ஒன்றை வாங்கி மேசையில் வைத்தேன்.

அதே ஆண்டுகளில் ஆப்பிள் லேப்டாப்பிலும் இந்தக் கதை நடந்தது. படத்தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருந்தார்கள் என்பதால் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் கூர்ந்து கவனித்தோம். 2006 மே மாதம் வந்த மேக்புக் கிளாஸியில் மட்டுமே கிடைத்தது. மேக்புக் ப்ரோ வாங்குகிறவருக்கு இரண்டில் எதையும் கூடுதல் காசில்லாமல் எடுக்கலாம் என்றிருந்தது. 2008 அக்டோபரில் அலுமினிய உடலோடு புது 15 அங்குல மாடல் வந்தபோது ஓரத்துக்கு ஓரம் கண்ணாடி, மேட் கிடையாது. புகைப்படக்காரர்கள் வருத்தப்பட்டார்கள், மனு எழுதினார்கள். 2009 ஜனவரியில் 17 அங்குலத்துக்கும், ஆகஸ்டில் 15 அங்குலத்துக்கும் மேட் திரும்பி வந்தது, 50 டாலர் கூடுதல் விலையோடு. 2012இல் ரெட்டினா திரை வந்தது. முன்னாலிருந்த தனிக் கண்ணாடியை எடுத்துவிட்டதால் பிரதிபலிப்பு 75 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். அதோடு மேட் மெல்ல விடைபெற்றது.

அலுவலகங்களில் வேறு கதை. 1990இலேயே ஐரோப்பியச் சமூகம் ஒரு சட்ட நெறி கொண்டுவந்திருந்தது. வேலையிடத்தில் வைக்கும் கணினித் திரையில் உட்காருகிறவருக்குத் தொந்தரவு தரும் பிரதிபலிப்பு இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு விற்ற லேப்டாப்பெல்லாம் மின்னிய அந்த ஆண்டுகளிலும் அலுவலக மாடல்கள் பெரும்பாலும் மேட்டாகவே இருந்தன. எட்டு மணி நேரம் உட்காருகிறவரின் கண்ணைப் பற்றி யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை.

சொரசொரப்பாக்காமலே பிரதிபலிப்பைக் குறைக்கும் வழியும் உண்டு. 1886இல் ரேலி பிரபு ஒரு விநோதத்தைக் கவனித்தார்: பழையதாகி மேல்முகம் மங்கிய கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது. வெறும் கண்ணாடியின் ஒரு முகம் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மேலே சரியான தடிமனில் மெல்லிய படலம் இருந்தால், படலத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1935இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா லென்ஸுகளுக்கு இதைச் செய்தார். 1938இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலத்தை 44 முறை அடுக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கே தெரியாமல் ஆக்கினார். அந்தப் பூச்சு விரலால் தேய்த்தால் போய்விடும். ஆனாலும் பிரிண்டை உருட்டி உருட்டி ஒட்டிய எனக்கு, அடுக்கடுக்காகப் படலம் ஏற்றிய அந்த அம்மாவின் கைகள் மிகவும் நெருக்கமானவை.

2019இல் ஆப்பிள் தன் பெரிய மானிட்டருக்கு, கண்ணாடியிலேயே நுண்ணிய அளவில் செதுக்கிய மேட் பரப்பைக் கொண்டுவந்தது. அப்போது சாதாரணம் 4,999 டாலர், இது 5,999. அதை அவர்கள் கொடுக்கும் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். 2024 அக்டோபரில் மேக்புக் ப்ரோவுக்கும் அது வந்தது, 150 டாலர் கூடுதலாக. அப்பா ஒரே விலையில் கேட்ட கேள்விக்கு இப்போது விலை ஏறியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு.

கிளாஸி கெட்டது என்று நான் சொல்லவில்லை. இருட்டறையில் சினிமா பார்க்கிறவருக்கு அதற்கு ஈடு இல்லை. மேட்டிலும் மட்டமானது உண்டு. துகள் பெரிதாகிவிட்டால் வெள்ளைப் பக்கத்தில் மணல் தூவியதுபோல் மினுங்கும், ஒரு மணி நேரத்தில் கண் களைத்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் இன்றும் லேப்டாப் திரை மாற்றப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை அங்குலம், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பது. மேட் வேண்டும் என்று நாமாகச் சொன்னால் பல மாடலுக்குக் கிடைக்கும். நான் போகும் கடையில் இரண்டு பேனல்களை மேசையில் வைக்கச் சொல்லி, எரிய விடாமலே ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பேன். ட்யூப் லைட்டின் ஓரம் கோடாகத் தெரிந்தால் கிளாஸி, புகையாகக் கலைந்தால் மேட். அப்பாவும் புதுப் பேப்பர் பெட்டி பிரித்தால் ஒரு தாளை எடுத்து வாசலில் நின்று இப்படித்தான் சாய்ப்பார்.

போன ஜூனில் தம்பி மகள் கல்லூரிக்கு லேப்டாப் வாங்கக் கூட்டிப்போகச் சொன்னாள். எது நல்லது என்று ஒரு பட்டியலே கையில் வைத்திருந்தாள். "எங்க வச்சிப் படிக்கப் போற?" என்றேன்.

"ஹாஸ்டல்ல, அத்தை. வேற எங்க?"

"மேசைக்கு எந்தப் பக்கம் ஜன்னல்?"

அவளுக்குத் தெரியவில்லை. அங்கே சேர்ந்திருந்த சிநேகிதிக்கு போன் போட்டுப் படம் அனுப்பச் சொன்னாள். படம் வந்தது. சுவரைப் பார்த்துப் போட்ட மேசை, நாற்காலிக்கு நேர் பின்னால் பெரிய ஜன்னல், திரைச்சீலை இல்லை, தலைக்கு மேல் ஒரு ட்யூப் லைட். படத்தைப் பெரிதாக்கி அவளுக்கு ஜன்னலைக் காட்டினேன். பட்டியலில் நாலு பெயரை அவளே அடித்துவிட்டாள்.