பாட்டியின் மரணமும் பேத்தியின் உரிமையும்

இறந்தோரின் நோய் வரலாறு சில வேளைகளில் வாழ்வோரின் உயிரைக் காக்கும். வைத்திய விஞ்ஞானம் இவ்வுண்மையை எய்திய கதை நாம் அறியத்தக்கது.

1866இல் பிரெஞ்சு வைத்தியர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மார்புப் புற்றுநோயால் மடிந்ததைப் பதிவு செய்தார். அதன் காரணம் 17ஆம் குரோமோசோமில் உள்ளதென 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ.-1 மரபணு தனித்து இனங்காணப்பட்டது. மார்புப் புற்றுநோயாளரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே நோய் பரம்பரையாக வருகிறது. ஆயினும் இம்மரபணு பழுதுற்ற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் 80 வயதுக்குள் நோயுறுகின்றனர்.

நோய் தோன்றுமுன் இரு மார்புகளையும் அகற்றினால், அவ்வபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீங்குகிறது. முதுகுத் தசை, வயிற்றுத் திசு, சிலிக்கோன் ஆகியவற்றால் மார்பை மீண்டும் அமைக்கலாம். முதுகுத் தசையைப் பயன்படுத்தும் முறையை இத்தாலிய வைத்தியர் தான்சினி 1906லேயே விவரித்தார். சத்திரசிகிச்சையை விரும்பாதவர் தொடர்ந்த பரிசோதனையில் இருக்கலாம். முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கே உரியது.

ஆனால் அறிவு பிறந்தவுடன் லாபமும் அதன் வாசலில் நின்றது. மிரியட் என்னும் அமெரிக்க நிறுவனம் மரபணுவுக்குக் காப்புரிமை பெற்று, ஒரு சோதனைக்கு 3000 டாலருக்கு மேல் வாங்கியது. இயற்கையான மரபணு எவருடைய தனியுடைமையும் ஆகாதென 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தடை தகர்ந்தது. கொடகவெலத் தோட்டத்துப் பெண்ணின் முன் வேறொரு தடை நிற்கிறது. "தாய், பெரியம்மா, பாட்டி எந்நோயால் இறந்தனர்?" என்பதே வைத்தியரின் முதற் கேள்வி. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அக்காள் ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. பாட்டி எந்நோயால் இறந்தாள் என்பதைச் சொல்ல லயத்தில் யார் எஞ்சியிருக்கிறார்? மனிதரைப் பிரித்த அரசியல் அவர்களின் நோய் வரலாற்றையும் பிரித்துவிட்டது!

மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் அது கொடகவெலவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நாட்சம்பளத்தை இழந்தன்றோ அங்கே செல்ல வேண்டும்? சம்பளத்துடன் கூடிய விடுமுறையும், மரபணுச் சோதனையும் ஆலோசனையும் தொழிலாளியை எட்ட வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் முதியோரிடம் கேட்டு, அவர்கள் இசைவுடன், ஒவ்வொரு குடும்பத்தின் நோய் வரலாற்றையும் எழுதி அக்குடும்பத்தின் கையிலேயே கொடுக்கலாம்.