முகாம் இன்வெர்ட்டர்

முகாம் இன்வெர்ட்டர் என்பது 12 வோல்ட்டு மின்கலத்தின் நேர் மின்னோட்டத்தை, வீட்டுச் சாதனங்களுக்குரிய மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் கருவியாகும். மின்னிணைப்பு இல்லாத இடங்களில் கூடாரமடித்துத் தங்குவோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். இதன் வெளியீடு இந்தியாவில் 230 வோல்ட்டு, 50 எர்ட்சு. ஐக்கிய அமெரிக்காவில் 120 வோல்ட்டு, 60 எர்ட்சு ஆகும். இக்கருவி மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே சாதனங்கள் எவ்வளவு நேரம் இயங்கும் என்பதை மின்கலமே தீர்மானிக்கிறது.

அலை வடிவம்

தூய சைன் அலை, திருத்திய சைன் அலை என இருவகை இன்வெர்ட்டர்கள் உள்ளன. பின்னது விலை குறைந்தது; வெப்பமூட்டும் எளிய சாதனங்களுக்குப் போதுமானது. ஆனால் அதில் இயங்கும் மின்னோடிகள் கூடுதலாகச் சூடேறி இரையக்கூடும். குளிர்பதனப் பெட்டி, மருத்துவக் கருவி போன்றவற்றுக்குத் தூய சைன் அலை வகையே ஏற்றது.

திறன்

ஒரே நேரத்தில் இயங்கும் சாதனங்களின் வாட்டு அளவைக் கூட்டி, அதைவிடச் சற்றுக் கூடுதலான தொடர்திறன் கொண்ட கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் அமுக்கி தொடங்கும் கணத்தில் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எனவே உச்சத்திறனையும் கவனிக்க வேண்டும்.

மின்கலக் கணக்கு

100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட்டு மின்கலத்தில் 1200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய-அமில மின்கலத்தில் அதன் பாதியை மட்டும் பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. மாற்றத்தின்போது ஏறத்தாழ 15 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால் 510 வாட்-மணி கிடைக்கும். இதில் 60 வாட்டு மடிக்கணினி எட்டரை மணி நேரம் இயங்கும். 1500 வாட்டு மின்சாரக் கெட்டில் ஏறத்தாழ 20 நிமிடமே இயங்கும். கைப்பேசியையும் 12 வோல்ட்டு விளக்கையும் இன்வெர்ட்டர் இன்றி மின்கலத்திலிருந்தே இயக்கினால் இவ்விழப்பு குறையும்.

பாதுகாப்பு

* 1000 வாட்டுச் சுமை, மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கம்பி தீப்பற்றக்கூடும். தடித்த, குட்டையான கம்பியும் மின்கலத்தருகே உருகியும் தேவை.
* வண்டியின் சிகரெட் பற்றவைப்பான் துளை, பொதுவாக 150 வாட்டுக்கு மேற்பட்ட சுமைக்கு ஏற்றதன்று.
* பல கருவிகள், மின்னழுத்தம் சுமார் 10.5 வோல்ட்டாகக் குறைந்த பின்னரே தாமாக நிற்கின்றன. அந்நிலையில் எஞ்சினைத் தொடக்க ஆற்றல் எஞ்சாதிருக்கலாம். ஆகவே முகாமுக்கெனத் தனி மின்கலம் வைத்தல் நன்று.
* மின்கலத்தை ஏற்றுவதற்காக மூடிய இடத்திலோ கூடாரத்தை ஒட்டியோ எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வளிக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் அறியாமலே உயிரிழக்க நேரிடும்.